ஒரு கையில் திறக்கிற கத்தி

டக். இது இல்லை. திறக்கிற சத்தம் நல்லாத்தான் இருக்குது, ஆனா திறந்து முடிச்ச பிறகு இரும்பு போய் உட்காருற சத்தம் வரலை, கதவைச் சாத்திட்டுத் தாழ்ப்பாள் போடாம வந்துட்ட மாதிரி. இன்னொண்ணு எடுங்க பாய் என்கிறேன். அமானுல்லா பாய் குனிந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ளே கையை விட்டு இன்னொண்ணை எடுத்துக் கண்ணாடி மேலே வைக்கிறார். பர்மா பஜாரில் இந்தக் கடையைத் தேடி வந்ததே இதற்குத்தான், போட்டு ஓட்டுகிற வீல்ஹவுஸில் உட்கார்ந்து பீடி பிடிக்கிற பசங்க சொன்னானுங்க, தாத்தா, பாய்கிட்ட கேளு, ஒரு விரலால தட்டினா திறந்துக்கிற கத்தி வச்சிருக்காரு, மிலிட்டரிக்காரன் வச்சுக்கிறது என்று. முதுகுப் பக்கத்தில் சின்னதாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டு இருக்கிறது. ஆள்காட்டி விரலால் அதை அமுக்கினால் அலகு தானாகச் சுற்றி வெளியே வந்து நின்றுவிடும். நகத்தைக் கொடுத்து நெம்ப வேண்டாம், இன்னொரு கை வேண்டாம், பல்லால் கடிக்க வேண்டாம். ஒரு கை போதும். இன்னொரு கைக்கு வேறு வேலை இருக்கும். இன்னொரு கை போட்டோட விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருக்கும். அந்த இடத்துக்கு நினைப்பு போனதும் அங்கேயே மாட்டிக்கொள்கிறது, பாறையில் வலை மாட்டின மாதிரி, இழுத்தாலும் வராது, விட்டாலும் போகாது. விளிம்பைப் பிடித்த கை இடது கையா வலது கையா என்று நான் யாரையும் கேட்கவில்லை. என் மூத்த பிள்ளை தயாளனுக்குச் சோற்றுக்கை வலது, ஆனால் கயிறு இழுக்க இடது கையைத்தான் முன்னால் போடுவான், சின்ன வயதிலிருந்தே அப்படி. திரும்பிப் பார்க்கிறேன். சின்னவன் லோகு அங்கேதான் நிற்கிறான், இரண்டு கடை தள்ளி, சார்ஜர் தொங்குகிற கடைப் பக்கம், இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள்ளே விட்டுக்கொண்டு. கத்திக் கடைக்கு வந்தவன் கத்தி இருக்கிற பக்கமே பார்க்கவில்லை. தை மாசத்திலிருந்து அவன் ஒரு கத்தியைத் தொடவில்லை. மாம்பழத்தை அப்படியே கடித்துத் தின்கிறான், நூல் அறுக்கணும் என்றால் பல்லால் அறுக்கிறான். நாளைக்கு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. எல்லாப் போட்டும் கிளம்புகிறது. எத்திராஜு போட்டில் இவனும் ஏறுகிறான். கத்தியைத் தொடாத கையோடு ஏறப் போகிறான்.

இன்னா பெரியவரே, அதுவும் வேணாமா, என்கிறார் பாய். வேணாம் பாய், இது சத்தம் போடுது, பேச்சுதான் ஜாஸ்தி. அவர் சிரிக்கிறார். சிரித்துவிட்டு, உங்களுக்குக் கத்தி வேணுமா பாட்டுக் கச்சேரி வேணுமா என்கிறார். பக்கத்தில் ஒரு காலேஜ் பையன், காதில் எதையோ மாட்டியிருக்கிறவன், அதை ஒரு பக்கம் கழற்றிவிட்டு, அங்கிள் கேம்பிங்கா என்று கேட்கிறான். கேம்ப்பும் இல்ல கீம்ப்பும் இல்லப்பா, கடலு என்றேன். செம அங்கிள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எதற்குச் செம என்று தெரியவில்லை. அசல் ஒண்ணு இருக்குது பாருங்க என்று பாய் முதலில் காட்டினது அமெரிக்காக்காரன் பண்ணினது, தனி டப்பாவில், பஞ்சு மெத்தையில், பிறந்த பிள்ளை மாதிரி படுக்கவைத்திருந்தார். அதைக் கையில் எடுக்கக்கூட நான் கேட்கவில்லை. அது நம்ம வீட்டுக்கு வராது. பாயே சொன்னார், அசலை விடுங்க, அது பேருக்குக் குடுக்கிற காசு, இப்ப வேற வேற ஆளுங்க அதே வேலையைப் பண்றானுங்க, சைனாவுல ஒருத்தன், தைவான்ல ஒருத்தன், நம்ம பஞ்சாப் பக்கம்கூட ஒருத்தன், பேரு தெரியாத கம்பெனி, ஆனா இரும்பு இரும்புதானே. சரிதான். கடலுக்குள்ளே கயிறுக்கு எந்தக் கம்பெனிப் பேர் தெரியும். பச்சைப் பிடி போட்டது சைனாக்காரன் பண்ணினது. அது திறக்கிற அழகைச் சொல்லணும், விரல் படுவதற்கு முன்னாலேயே வந்துவிடும் போல, வெண்ணெயில் ஊசி போகிற மாதிரி. உள்ளே இன்னா பாய் என்றால் குண்டு பேரிங் என்கிறார். அதுதான் பயம். உப்புத் தண்ணியில் பேரிங் இன்னா ஆகும் என்று எனக்குத் தெரியும், வலை இழுக்கிற வின்ச்சில் பார்த்திருக்கிறேன், சைக்கிளில் பார்த்திருக்கிறேன், மெரினாவில் சுற்றுகிற ராட்டினத்தில்கூடப் பார்த்திருக்கிறேன், கறமுற கறமுற என்று அரைத்து ஒருநாள் நின்றுவிடும். எந்த ஒருநாள் என்றுதான் தெரியாது. கத்தி முதுகைப் பலகை விளிம்பில் ஓங்கித் தட்டினேன். திறந்த அலகை நிறுத்துகிற பூட்டு நழுவிவிட்டது. அலகு மடங்கி வந்தது, விரலை இழுத்துக்கொண்டேன். அய்யோ பெரியவரே, கத்திய யாராவது முதுகுல அடிப்பாங்களா என்றார் பாய். கடல்ல எந்தப் பக்கம் அடி விழும்னு சொல்லிட்டா விழுது, என்றேன். அவர் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். தைவான்காரனுடையது கறுப்பு, பிடி முள்ளு முள்ளாக, கருங்கல் மாதிரி சொரசொரப்பு. நழுவாது. பூட்டு நல்ல பூட்டு. ஆனால் கனம். அதோடு விரலால் அமுக்கினால் பாதிதான் வருகிறது, மணிக்கட்டை ஒரு உதறு உதறினால்தான் முழுசாக வருகிறது. தண்ணி பாக்கெட் ஒன்று வாங்கிப் பல்லால் கிழித்துக் கையை நனைத்துக்கொண்டேன். பாய் பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார், கல்யாண வீட்டில் இலைக்குத் தண்ணி தெளிக்கிறீங்களா என்றார். ஈரக் கையால் அமுக்கினேன். பாதி. திரும்பவும் பாதி. மணிக்கட்டை உதறினேன், வந்தது. இப்போது இப்படி நேராக நிற்கிறேன், இரண்டு காலும் தரையில் இருக்குது, தரையும் தரையாக இருக்குது. இடுப்பு வரைக்கும் வெளியே தொங்குகிறவன் மணிக்கட்டை எப்படி உதறுவான்.

தை மாசம் நடந்ததை எத்திராஜுதான் சொன்னான். அவன்தான் டிரைவர், அவன்தான் மேலிருந்து பார்த்தவன். லோகு ஒன்றும் சொல்லவில்லை, கரைக்கு வந்த அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாமா, மடி வலை இறக்கிக்கினு இருந்தோம், வாடைக்காத்து, அலை தூக்கித் தூக்கிப் போட்டுது என்று எத்திராஜு ஆரம்பித்தான். அவன் குரல் எப்போதும் கட்டைக் குரல், அன்றைக்குக் கீச்சுக் குரலாக இருந்தது, யாரோ அவன் தொண்டைக்குள்ளே உட்கார்ந்து பேசுகிற மாதிரி. வலை பின்பக்கமாகக் கடலுக்குள்ளே போய்க்கொண்டு இருக்கும்போது ஓடுகிற கயிற்றில் ஒரு சுருக்கு தயாளன் கணுக்காலில் விழுந்திருக்கிறது. சுருக்கு விழுவது எல்லாருக்கும் விழும், எனக்கு விழுந்திருக்கிறது, குதித்தால் கழன்றுவிடும். இவன் குதிப்பதற்குள்ளே அலை தூக்கியிருக்கிறது. பின் விளிம்பைத் தாண்டிவிட்டான். ஒரு கை விளிம்பைப் பிடித்திருக்கிறது. உடம்பு வெளியே, கால் தண்ணிக்குள்ளே, வலையோட பாரம் முழுசும் அந்தக் காலில். எஞ்சினை அமத்திட்டேன் மாமா, சாமி சத்தியமா உடனே அமத்திட்டேன், ஆனா மடி நிக்குமா, அது போவும் என்றான். போகும். எனக்குத் தெரியும், அமத்தினாலும் போகும். அப்போது தயாளன் கத்தியிருக்கிறான், லோகு, கத்தி. அவ்வளவுதான். காலில் மாட்டின கயிறு தயாளன் கைக்குத்தான் எட்டும், லோகுவுக்கு எட்டாது, டிரைவருக்கு எட்டாது, மேலே இருக்கிறவன் யாருக்கும் எட்டாது. விளிம்புக்கு இந்தப் பக்கம் அவனுடைய இன்னொரு கை மட்டும் வந்து விரித்துக்கொண்டு நின்றதாம். லோகு கேபின் பலகையில் செருகியிருந்த மீன் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். ஓடினான் மாமா, தப்பு சொல்லக் கூடாது, பறந்தான். போய் அண்ணன் கைக்கிட்ட வச்சான். இந்த இடத்தில் எத்திராஜு நிறுத்திவிட்டான். சரியாகக் காதில் விழவில்லையோ என்று, இன்னா பண்ணான் என்றேன். வச்சான் மாமா. கையில குடுக்கல. கைக்கு முன்னால பலகையில வச்சான், எல்லாரும் வைப்போமே, அந்த மாதிரி. போட்டு சாஞ்சுது. கத்தி சறுக்கிக்கினு போயி தண்ணி ஓடுற ஓட்டை வழியா வுழுந்துடுச்சு. சறக் என்று வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டினான் எத்திராஜு. அதை அவன் செய்திருக்க வேண்டாம். நான் காதுக்காரன். ஒரு சத்தம் கேட்டால் போகாது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்தப் போட்டு வருகிறது என்று கரையிலிருந்து சொல்வேன், என் வீட்டுக்காரி பவுனு கூப்பிடுகிற சத்தத்திலேயே சோறா சண்டையா என்று தெரிந்துவிடும். நான் கேட்காத அந்தச் சத்தம் மட்டும் தினம் கேட்கிறது. ஈரப் பலகையில் இரும்பு போகிறது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு இல்லை. நல்ல தண்ணிக் குழாயடியில் குடம் நகர்ந்தால் கேட்கிறது, தட்டு நகர்ந்தால் கேட்கிறது. அதற்குப் பிறகு என்ன சத்தம் வந்திருக்கும் என்று நினைக்கப் போனால் காது அடைத்துக்கொள்கிறது. அவனை வலையோடுதான் தூக்கினார்கள்.

இது இன்னா பாத்துக்கினே நிக்கிறீங்க, அடுத்தது காட்டவா என்கிறார் பாய். காட்டுங்க. எடுக்கிறார், துடைக்கிறார், கண்ணாடி மேலே வைக்கிறார், கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார். இப்போதுதான் கவனிக்கிறேன். வந்ததிலிருந்து ஒரு கத்தியைக்கூட இவர் என் கையில் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் வைக்கிறார், நான் எடுக்கிறேன். நான் திருப்பி வைக்கிறேன், அவர் எடுக்கிறார். யாரும் இதை யோசிக்கிறது இல்லை. கத்தி, ஊசி, உப்பு, அருவாமனை, கைக்குக் கை கொடுத்தால் உறவு அறுந்துபோகும். எங்க அம்மா சொன்னாள், அவ அம்மா சொல்லியிருப்பாள். பவுனு இதில் ரொம்பக் கண்டிப்பு. லோகு அப்போது சரியாக நிற்கக்கூடத் தெரியாத சின்னப் பிள்ளை, அடுப்படியில் கிடந்த வெங்காயம் நறுக்குகிற கத்தியைத் தூக்கிக்கொண்டு தயாளன்கிட்ட நீட்டினான், இந்தா என்று. பவுனு வந்து மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினாள், வலிக்காமல்தான். வெய்யி. கீய வெய்யி. அண்ணன் எடுத்துக்குவான். ரெண்டு பேரும் சண்டை போட்டுப்பீங்கடா, கையில குடுத்தா. பிள்ளை வைத்தான். தயாளன் எடுத்துக்கொண்டான். சமத்து என்று பவுனு இரண்டு பேர் கன்னத்தையும் கிள்ளி முத்தம் கொடுத்தாள். அந்த ஒரு நாள் மட்டுமா. எத்தனை நாள், எத்தனை கத்தி, எத்தனை ஊசி. கை அப்படியே படித்துவிட்டது. இவனுங்க ரெண்டு பேருக்கும் சண்டையே வந்தது இல்லை. ஒரே பாயில் படுக்கை, ஒரே சட்டை, ஒரே போட்டு. பவுனு சொன்னது பலித்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம், உறவு அறுந்துவிடக் கூடாது என்று வைத்தான், கத்தி எதையும் அறுக்கவில்லை, அது பாட்டுக்குப் போய்விட்டது. இதை நான் யாரிடம் சொல்லுவது. பவுனுகிட்ட சொன்னால் செத்துவிடுவாள். அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறாள். தை மாசத்திலிருந்து அவள் லோகு முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவள் அவனைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட. சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து அவனுக்கு முன்னால் வைக்கிறாள், போய்விடுகிறாள். தண்ணிச் சொம்பை வைக்கிறாள். துவைத்த சட்டையை வைக்கிறாள். அவன் எடுத்துக்கொள்கிறான். முன்னே எல்லாம் தட்டைக் கையிலே கொடுத்து, தின்னுடா தடிமாடு என்று முதுகில் ஒன்று வைப்பாள். இப்போது வீட்டில் எல்லாமே கீழே வைக்கிறதாகப் போய்விட்டது. நான்? நான் பேசுகிறேன். மழை வரும் போல இருக்குதுடா என்கிறேன். ஐஸ் பாக்டரியில கூலி ஏத்திட்டானாமே என்கிறேன். ஏன்டா வச்ச என்று ஒரு வார்த்தை உள்ளே உருண்டுகொண்டே இருக்கிறது, மீன் முள்ளு தொண்டையில் நிற்கிற மாதிரி, சோற்று உருண்டையை முழுங்கி முழுங்கிப் பார்க்கிறேன், இறங்கவில்லை. கேட்டால் அவன் இன்னா சொல்லுவான். வச்சேன் நைனா என்பான். வேற இன்னா சொல்லுவான்.

இன்றைக்குக் காலையில்தான், பல் விளக்கிக்கொண்டே, நைனா நாளைக்கு ஏறுறேன், எத்திராஜண்ணன் கூப்ட்டாரு என்றான். பவுனு அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பால் பொங்கி வழிந்தது, அவள் அமத்தவில்லை, பால் கருகுகிற வாசனை வீடெல்லாம். வேணாம்டா என்று சொல்ல வாய் வந்தது. வேணாம் என்றால் வேறு எங்கே போவான், ஐஸ் பாக்டரியில் கட்டி உடைக்கச் சொன்னால் ஊசிக் கம்பியைத் தொடமாட்டேன் என்று வந்துவிட்டான். கடலை விட்டால் போக இடம் இல்லை, கடலிலும் இடம் இல்லை. கத்தி ஒண்ணு வாங்கலாம் வாடா என்றேன். வேணாம் நைனா. ஒரு கையில திறக்கிறது இருக்குதாம்டா. வேணாம்னு சொல்றேன்ல. நான் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். பின்னாலேயே வந்தான். பஸ்ஸில் தனி சீட்டில் உட்கார்ந்தான். நான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். இடுப்பில் மாட்டிக்கொள்கிற கத்தி, தன் கத்தி, தன் கை, தன் விரல். யாரையும் கேட்க வேண்டாம். யாரும் கொண்டுவந்து கொடுக்க வேண்டாம், வைக்க வேண்டாம். நடுவில் பலகையே இல்லை. சறுக்குவதற்கு ஒன்றும் இல்லை. பஸ்ஸில் இது நல்ல கணக்காகத்தான் இருந்தது. இங்கே நின்று ஒவ்வொன்றாகத் திறந்து மூட மூட அது கரைந்துகொண்டே வருகிறது. சுருக்கு விழுந்து உடம்பு வெளியே போகிறது வரைக்கும் ஒரு மூச்சு. இடுப்பில் மாட்டினது எந்தப் பக்கம் மாட்டியிருக்கும். எந்தக் கை விளிம்பில் இருக்கும், எந்தக் கை மிச்சம் இருக்கும். தண்ணி அடிக்கும்போது விரலுக்கு மூக்கு அகப்படுமா. கயிறு இந்தக் கத்திக்கு அறுபடுமா, ஈரக் கயிறு, பாரம் ஏறின கயிறு. அறுபடும்போது அலை எந்தப் பக்கம் தூக்கும். எல்லாம் அகப்பட்டு எல்லாம் அறுபட்டாலும் அன்றைக்குக் கயிறு கழுத்தில் விழுந்தால். இல்லை, இவனுக்கு விழாமல் பக்கத்தில் நிற்கிறவனுக்கு விழுந்தால். அவன் லோகு கத்தி என்று கையை நீட்டினால். இதை இதுவரைக்கும் நான் நினைக்கவில்லை. நெஞ்சுக்குள்ளே இன்னாவோ இறங்குகிறது, நங்கூரம் இறங்குகிற மாதிரி, தரை தட்டாமல் போய்க்கொண்டே இருக்கிறது. இவன் இடுப்பில் கத்தி இருக்கும். அவன் கை விரித்துக்கொண்டு இருக்கும். இவன் இன்னா பண்ணுவான்.

பாய் வைத்ததை எடுத்தேன். இது பஞ்சாப்காரன் பண்ணினது. பேர்கூட வெட்டவில்லை, பிடி பழுப்பு மரம், பார்க்க லட்சணம் இல்லை, சந்தையில் கடைசி வரைக்கும் நிற்கிற மாடு மாதிரி. உள்ளே பேரிங் இல்லையாம், பித்தளை வாஷர்தானாம். அதனாலதான் கொஞ்சம் முரடு, யாரும் கேக்க மாட்டாங்க என்றார் பாய். மூக்கைத் தேடாமலே விரல் அதில் போய் நின்றது. அமுக்கினேன். டொக். தாழ்ப்பாள் விழுகிற சத்தம். உள்ளே யாரோ, நான் இருக்கேன், நீ தூங்கு என்று சொன்ன மாதிரி இருந்தது. ஈரக் கையால் அமுக்கினேன், டொக். கண்ணை மூடிக்கொண்டு, டொக். இடது கையால், டொக். முதுகைப் பலகையில் அடித்தேன், பூட்டு அசையவில்லை, பாய்தான் அசைந்தார். கையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, உடம்பைக் கண்ணாடிப் பெட்டி விளிம்பில் சாய்த்துக்கொண்டு, கீழே கால் பக்கம் நீட்டித் திறந்தேன். போகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். டொக். இதுதான் பாய். இதேவா பெரியவரே, அந்தப் பச்சையப் பாருங்களேன், பையனுக்குப் புடிக்கும். இது போதும். இதுதான் என்று சொன்னதும் ஒரு சந்தோஷம் வரணும் இல்லையா. நல்ல சாமானைக் கண்டுபிடித்துவிட்டால் வருமே. வரவில்லை. நல்ல கத்தி. இந்த பஜாரில் இருக்கிறதிலேயே நல்ல கத்தி. அவ்வளவுதான் தெரிந்தது. கத்தி அன்றைக்கும் நல்ல கத்திதான், போன பொங்கலுக்கு நானே சாணை பிடித்து வைத்தது, மயிரை வைத்தால் அறுக்கும். மடக்கினேன். ஒன்று முடிவு பண்ணிக்கொண்டேன். இதை அவன் கையில் கொடுக்கணும். கையில். கண்ணாடியில் வைக்கக் கூடாது, பையில் போட்டுக் கொடுக்கக் கூடாது. உள்ளங்கையில் வைத்து அவன் விரலை என் விரலால் மடக்கிவிடணும். உறவு அறுந்தால் அறுந்து போகட்டும், இதற்கு மேலே அறுவதற்கு இன்னா இருக்குது. அவன் கை அதைப் பழகிக்கொள்ளணும், கத்தி கைக்குக் கை போகும், போனால் ஒன்றும் ஆகாது என்று. நாளைக்கு எவனாவது கையை விரித்தால் அந்தக் கைக்கு ஞாபகம் வரணும். அவன் வாங்க மாட்டான். வாங்காமல் போனால் விடக் கூடாது, பாக்கெட்டிலிருந்து கையைப் பிடித்து இழுத்தாவது கொடுக்கணும்.

டேய் லோகு என்றேன். சார்ஜர் கடையிலிருந்து திரும்பினான். இங்க வா. வந்தான். வந்து ஒரு முழம் தள்ளி நின்றான். ரேடியோ சத்தம், பஸ் சத்தம், துறைமுகச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ கிரேன் கிறீச் என்று திரும்புகிற சத்தம், எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. இதான்டா என்றேன், பாரு, ஒரே விரல்தான். திறந்து காட்டினேன், டொக், மடக்கினேன். அவன் கத்தியைப் பார்த்தான். தை மாசத்துக்குப் பிறகு முதல் தடவை. நல்லா கீது நைனா என்றான். குரல் தயாளன் குரல் மாதிரி இருந்தது, இவ்வளவு நாள் எனக்குத் தெரியாமல் போய்விட்டது, இரண்டு பேர் குரலும் ஒன்றுதான். பாய், பாருங்க, பையனே சொல்லிட்டான் என்றார். நான் அவன் கையைப் பிடித்து இழுக்கத் தயாராக இருந்தேன். இழுக்க வேண்டி வரவில்லை. லோகு வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தான். எடுத்து நீட்டினான். விரித்தான். உள்ளங்கை வேர்த்து ஈரமாக இருந்தது, கயிறு அறுத்த பழைய கோடு குறுக்கே வெள்ளையாக ஓடினது. குடு நைனா என்றான். கை கீழே இறங்கவில்லை, எனக்கு முன்னாலே, இவ்வளவு கிட்டத்தில், விரித்துக்கொண்டு நின்றது.

சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. மரப் பிடி கண்ணாடியில் படுகிற சத்தம். எது என்று பார்த்தேன். கத்தி கண்ணாடி மேலே இருந்தது, அவன் கைக்கு இந்தப் பக்கம், ஒரு விரல் தூரத்தில். என் கை பின்னால் வந்துவிட்டிருந்தது, வைத்துவிட்டு வருகிற கை எப்படி வருமோ அப்படி. நான் வைக்கவில்லை. நான் கொடுக்கத்தான் போனேன். லோகு கை அப்படியே நீட்டிக்கொண்டு இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லாமல். அவன் கத்தியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான், நேராக, கண்ணை எடுக்காமல். பரவால்ல நைனா என்றான். இன்னொரு தடவை, மெதுவாக, பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி, வுடு நைனா, பரவால்ல என்றான். பையில போட்டுடவா பெரியவரே என்று பாய் கேட்கிறார். அவருக்குப் பதில் சொல்லணும். நான் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன், இப்போ நகரும், இப்போ சறுக்கும் என்று. கண்ணாடி ஆடவில்லை. கத்தி இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.